கூடையில் அறுபது கிலோ

லாரி டிரைவர் அந்த வண்டியின் கூடைக்குள் ஏறவே இல்லை. அவள் முதலில் கவனித்தது அதைத்தான். ஆளைத் தூக்கும் வண்டி எதுவானாலும் கூடைக்குள் நின்று, காலடியில் இருக்கும் மிதியை அழுத்திக்கொண்டு, கைப்பிடியைத் தள்ளினால் அதுபாட்டுக்கு நகரும். லாரியிலிருந்து இறக்க ஐந்து நிமிஷம் போதும். இந்த மனுஷரோ பலகை வைத்து, வின்ச் கயிறு கட்டி, முக்கால் மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க அதைப் பின்பக்கமாக இழுத்து இறக்கினார்.

"பேட்டரி போயிடுச்சா அண்ணே?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஃபுல்லாத்தான் இருக்கும்மா" என்றார். ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவள் நீட்டிய தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். சில பேருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றாலே மூஞ்சி அப்படித்தான் இருக்கும் என்று அவள் அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

அது ஒரு கண்காட்சிக் கூடம். புதிதாகக் கட்டியது. நாளை காலை திறக்கப் போகிறார்கள். நாற்காலி, மேடை, விளக்கு எல்லாம் வந்தாகிவிட்டது. கூரைக்கு ஒட்டினாற்போல் ஓடும் கண்ணாடி வரிசையில் ஒரே ஒரு கண்ணாடி மட்டும் பாக்கி. பதினெட்டு மீட்டர் உயரத்தில் அந்த ஒரு கட்டம் பல் விழுந்த இடம்போல் தெரிந்தது. அதை மறைத்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. உள்ளே சிலிகான் பசையின் புளித்த காடி வாசனையும் ஈரச் சிமெண்ட் வாசனையும் கலந்து, மூக்கை விட்டுப் போகாமல் நின்றது. ஆள் இல்லாத பெரிய கட்டடத்தில் ஒரு இருமல்கூட நாலு சுவரையும் விசாரித்துவிட்டுத்தான் திரும்பி வரும்.

வேலையிடங்களில் அவளுக்குச் சிலந்தியக்கா என்று பெயர். அவள் ஓட்டுவது சிலந்தி கிரேன். பார்த்தால் ஒரு கட்டில் அளவுதான் இருக்கும். வாசல் கதவு வழியாக நுழைந்துவிடும். உள்ளே வந்து நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டதென்றால் ஒரு டன்னைத் தூக்கி நிறுத்தும். கழுத்தில் மாட்டிய ரிமோட்டைக் கொண்டே அதை ஒரு நூல் அகலம் பிசகாமல் ஆட்டிவைப்பாள். அவள் கணவன் கண்ணாடி பொருத்துகிறவன். எந்த உயரத்திலும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வதால் அவனுக்குப் பல்லி என்று பெயர். "சிலந்தியும் பல்லியும் குடும்பம் நடத்துற வீட்டுல ஒரு பூச்சி இருக்காதே" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். பல்லியும் சேர்ந்து சிரிப்பான். பதினாலு வருஷமாக அவன் மேலே, அவள் கீழே. அவன் தலைக்கு மேல் தொங்கும் கண்ணாடி அவள் விரல் நுனியில்தான் இருக்கிறது என்பதை அவன் ஒருநாளும் பெரிதாக நினைத்ததில்லை. அவள் நினைக்காத நாள் இல்லை.

அன்றைக்கு அவசரம் இருந்தது. கீழே கூட நிற்க வேண்டிய உதவியாளுக்குக் காய்ச்சல். சூப்பர்வைசர் பதினொரு மணிக்கே "மத்தியானத்துக்கு மேல வர்றேன்" என்று வெளியே போய்விட்டார். மகள் விடுதியில் காத்திருந்தாள். பதினொரு வயது. நாலு மாதம் கழித்து முதல் லீவு. "ரெண்டு பேரும் வரணும். ஒருத்தர் வந்தா நான் வர மாட்டேன்" என்று போனில் சட்டம் போட்டிருந்தாள். அங்கே போக ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்குள் கண்ணாடி ஏறிவிட்டால் அப்பனும் ஆத்தாளுமாகப் போய் நிற்கலாம். ஏறாவிட்டால் நாளை காலையும் இங்கேதான்.

பல்லி வாசலில் உட்கார்ந்து இடுப்புவாரையும் தோள்வாரையும் மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் ஆள்தூக்கியின் கீழ்ப் பேனலைத் திறந்து சாவியைத் திருப்பினாள். சின்னத் திரை பச்சையாக எரிந்தது. கூடையில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அது காட்டும்.

அறுபது கிலோ.

கூடை காலி. அவள் எட்டிப் பார்த்தாள். நாலு பக்கமும் இடுப்பு உயரக் கம்பி, கீழே ஓட்டை ஓட்டையாகச் சல்லடைத் தகடு, ஒரு மிதி, ஒரு கைப்பிடிப் பெட்டி. கம்பிகளுக்கு மட்டும் புது மஞ்சள் பெயிண்ட். வண்டியின் மற்ற உடம்பெல்லாம் கீறலும் துருவுமாக இருக்க, கூடை மட்டும் குளிப்பாட்டிக் கொண்டுவந்ததுபோல் பளபளவென்று இருந்தது. தகட்டைத் தடவிப் பார்த்தாள். உறைந்த சிமெண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. கையில் ஒட்டியது குளிர்ச்சி மட்டும்தான்.

இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் காலிக் கூடையை வைத்து ஜீரோ பொத்தானை அழுத்துவார்கள். ஒட்டிக்கிடக்கும் சாந்து, மழைத்தண்ணீர், மறந்துபோன போல்ட் எல்லாவற்றையும் வண்டி தன் சொந்த எடையாக எடுத்துக்கொண்டு மறுபடி சைபரிலிருந்து எண்ணும். ஆனால் பத்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் பொத்தானைத் தொடக்கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதே வழக்கத்தின் இன்னொரு பாதி. மற்றவர்கள் அந்தப் பாதியை மீறினால் கத்துகிறவள் அவள்தான்.

மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான். மகள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். சென்சார் மக்கர் பண்ணுகிறது, வேறென்ன என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பல்லி குனிந்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்கவில்லை. ஜீரோவை அழுத்தினாள்.

அறுபது மறைந்தது. சைபர் வந்தது.

பல்லி வந்து ஏறினான். தோள்வாரின் முதுகு வளையத்திலிருந்து தொங்கிய நீள வாரின் கொக்கியைக் கூடையின் வளையத்தில் மாட்டி ஒரு இழு இழுத்துப் பார்த்தான். திரை எண்பது காட்டியது. ஆளும் சாமானும் சேர்த்து அவன் எப்போதும் எண்பதுதான். அவளுக்கு மூச்சு வந்தது.

"எவ்ளோ காட்டுது?"

"எண்பது."

"இறங்கவே மாட்டேங்குதே. ராத்திரி சோத்தைக் கொறைக்கணும்."

"சோத்தைக் கொறைக்க வேணாம். மூணாவது தடவை கேக்குறதைக் கொறைங்க."

அவன் சிரித்துக்கொண்டே மிதியை அழுத்தினான். வண்டியின் கை மடிப்பு மடிப்பாகப் பிரிந்து நீண்டது. பம்பு ஒரே சுருதியில் முனகியது. கூடை ஒரு மாடி, இரண்டு மாடி, மூன்று மாடி என்று ஏறியது. அவன் முகம் சிறுத்து, ஹெல்மெட் மட்டும் ஆகி, கடைசியில் கூரை நிழலில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றது. பிளாஸ்டிக் தாளை அவன் அறுக்கும் சத்தம் கீழே வரை கேட்டது. வெளிச்சம் ஒரு நீண்ட பட்டையாகக் கூடத்துக்குள் விழுந்தது. மேகம் மூடிய நாள். வெளிச்சமும் சாம்பல் பூசிக்கொண்டுதான் வந்தது.

அவள் கழுத்தில் கிரேன் ரிமோட், இடுப்பில் வாக்கி டாக்கி, வலக்கைப் பக்கம் ஆள்தூக்கியின் கீழ்ப் பேனல். மேலே ஆள் இருக்கும்வரை கீழே பேனல் பக்கத்தில் ஒருவர் நின்றே ஆகவேண்டும். மேலே இருப்பவருக்கு மயக்கம் வந்தால், மிஷின் நின்றுபோனால், இறக்குவதற்கு அந்த ஒரு ஆள்தான். இரண்டு பேர் செய்ய வேண்டியதை இன்று ஒருத்தியே செய்கிறாள். அதுவும் தப்புத்தான். தப்புகள் தனியாக வருவதில்லை என்று யாரையாவது திட்டும்போது அவளே சொல்லுவாள்.

"சட்டம் சுத்தமாயிடுச்சு. கண்ணாடிய ஏத்து" என்றான் பல்லி. பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கூடை ரொம்ப நெருக்கம்டி" என்றான்.

"எல்லாக் கூடையும் ஒரே அளவுதாங்க."

"இல்ல, திரும்பினா முழங்கை எதுலயோ இடிக்குது. கம்பியா இருக்கும்னு பாத்தா கம்பி அந்தப் பக்கம் இருக்கு."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். உறிஞ்சு தட்டுகளைக் கண்ணாடியில் பொருத்தி, காற்றை இழுத்து, கிரேனின் கொக்கியில் மாட்டினாள். ரிமோட்டின் திரை நூற்றிருபது என்றது. கண்ணாடியும் தட்டுகளும் சேர்த்துச் சரியாக நூற்றிருபது. தரையை விட்டுக் கண்ணாடி எழும்பியது. அதில் அவள் முகம் தெரிந்தது, அப்புறம் கூடத்தின் காலி நாற்காலிகள், அப்புறம் கூரை.

"ஏய்" என்றது வாக்கி டாக்கி. குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் சிரிப்பு முழுசாக இல்லை. "ஒண்ணு சொல்றேன், கிண்டல் பண்ணக்கூடாது. சிலிகான் துப்பாக்கிக்குக் கைய நீட்டினேன். நான் எடுக்கல. கைக்கு வந்துச்சு."

"என்னங்க சொல்றீங்க?"

"யாரோ எடுத்துக் குடுத்த மாதிரி இருந்துச்சு. பசில இருக்கேன் போல. சீக்கிரம் ஏத்து."

அவள் பேனலைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

இருபது.

எண்பது இருந்த இடத்தில் இருபது. அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். மனுஷன் கூடையை விட்டுக் கம்பியில் தொற்றிக்கொண்டிருக்கிறான், பாரத்தைச் சுவர்மேல் போட்டிருக்கிறான், எத்தனை தடவை சொன்னாலும் பல்லிப் புத்தி போகாது.

"காலைக் கூடையில வைங்க! வெளியில ஏறாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"யாரு ஏறினா? ரெண்டு காலும் கூடையிலதான் இருக்கு. இங்க பாரு, குதிக்கிறேன்."

திரை துடித்தது. இருபத்தைந்து, பதினாறு, இருபது. அவன் நிஜமாகவே கூடைக்குள்தான் நிற்கிறான். எண்பது கிலோ மனுஷன்.

அவள் கணக்கில் ஒன்றும் மட்டமில்லை. எண்பதில் இருபது போனால் அறுபது. வண்டி தன்னுடையது என்று முன்பு எடுத்துக்கொண்ட அந்த அறுபது இப்போது கூடையில் இல்லை. அதனால்தான் குறைத்துக் காட்டுகிறது. இருபது என்றால் கூடையில் பல்லி மட்டும் என்று அர்த்தம். அப்படியென்றால் இவ்வளவு நேரமும் அவன் மட்டும் இல்லை. அவள் பொத்தானை அழுத்தியது காலிக் கூடையை வைத்து இல்லை. சென்சார், சென்சார் என்று உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. உடம்பு அதை நம்பவில்லை.

கிரேனின் கம்பிவடம் கிரீச்சென்றது.

கண்ணாடி அப்போது உச்சிவரை ஏறி, கூடைக்குப் பக்கத்தில் போயிருந்தது. சமமாகத் தொங்கிக்கொண்டிருந்த அது ஒரு பக்கம் சரிந்தது. கட்டில் விளிம்பில் யாராவது வந்து உட்கார்ந்தால் சரியுமே, அதுபோல மெதுவாக. அவள் ரிமோட்டைக் குனிந்து பார்த்தாள்.

நூற்றெண்பது.

ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தாள். இறக்கிவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் பல்லி இரண்டு கையையும் நீட்டிக் கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துவிட்டான். அவன் கை அதில் இருக்கும்போது அசைத்தால் அவனையும் சேர்த்து இழுக்கும். அவனிடம் சொன்னால் திடுக்கிடுவான். பதினெட்டு மீட்டர் உயரத்தில் திடுக்கிடக்கூடாது.

"என்ன, ஒரு பக்கம் சாயுது?"

"காத்துங்க" என்றாள். குரலை அவளே ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் பேசினாள். "மெதுவா வாங்கிக்குங்க. பயப்படாதீங்க."

"நான் எதுக்குப் பயப்படணும்?"

ஒரு விரல் அகலம். இன்னொரு விரல் அகலம். அவள் ரிமோட்டின் திரையையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்தாள். சரிந்த கண்ணாடி தானாக நிமிர்ந்தது. நூற்றிருபது. சட்டென்று திரும்பிப் பேனலைப் பார்த்தாள். இருபது.

கண்ணாடியில் இல்லை. கூடையிலும் இல்லை.

கூரையை ஒட்டி இரும்பு உத்தரங்கள் ஓடின. அவற்றின் மேல் கட்டட வேலையின் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. பல்லிக்கு இடப்பக்கம், நாலடி தள்ளி, உத்தரத்திலிருந்து தூசி ஒரு பிடி உதிர்ந்தது. சாம்பல் வெளிச்சத்தில் அது நிதானமாக இறங்கியது. அதற்குப் பிறகு மூன்றடி தள்ளி ஒரு பிடி. அதற்குப் பிறகு இரண்டடி, அவனை நெருங்கி. காலடி வைக்கிற இடைவெளி.

அந்தப் பத்து நிமிஷத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்று சொல்லத் தெரியாது. பல்லி கண்ணாடியைச் சட்டத்தில் உட்காரவைத்தான். கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் கூடம் ஒரு தட்டு திருப்பித் தந்தது. வெளியிலிருந்து வந்த காற்று நின்றது. தெருச் சத்தம் நின்றது. பல்லி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பசையை இழுத்தான். உறிஞ்சு தட்டுகளைக் கழற்றினான். கொக்கி காலியாகி விலகியது.

"முடிஞ்சுது மேடம். பஸ்ஸுக்கு நேரம் இருக்கா?"

"நான் இங்கிருந்தே இறக்குறேன்" என்றாள். "நீங்க எதையும் தொடாதீங்க. நடுவுல நில்லுங்க."

"நானே இறங்குவேன்ல."

"சொன்னதைக் கேளுங்க!"

அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. நடுவுக்கு வந்து நின்றான். சாவியைக் கீழ்ப் பேனலுக்குத் திருப்பினாள். இறக்கும் பொத்தானை அழுத்தினாள். விரலை எடுத்தால் நின்றுவிடும். அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது. இருபது, இருபது என்று திரை காட்டியது. இருபதாகவே இரு என்று அவள் வேண்டிக்கொண்டாள். இருபதாகவே வந்துவிடு. அவன் மட்டும் வரட்டும்.

கூடை ஒருதரம் குலுங்கியது.

எண்பது.

"ஏய்" என்றான் பல்லி. "இப்ப எதுவோ..." அத்தோடு நிறுத்திவிட்டான்.

"என்னங்க?"

வாக்கி டாக்கி திறந்தே இருந்தது. அவன் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறான். மூச்சு கேட்டது. வேகமான மூச்சு. அதற்குப் பின்னால், அதைவிட மெதுவாக, இன்னொன்று.

"என்னங்க, பேசுங்க!"

மூன்று மாடி. பீப். இரண்டரை. கூடை அவள் தலைக்கு நேர் மேலே வந்தது. தொங்குகிற எதற்கும் அடியில் நிற்கக்கூடாது. அவள் அண்ணாந்து பார்த்தாள். சல்லடைத் தகடு வழியாக அவன் பூட்ஸின் அடிப்பாகம் இரண்டும் தெரிந்தன, வலது குதிகால் தேய்ந்தது உட்பட. அந்தக் கால்களுக்குப் பின்னால், ஒட்டினாற்போல், யாரும் நிற்காத இடத்தில் தகடு கீழே தொய்ந்திருந்தது. இரண்டு தொய்வு. பக்கத்தில் பக்கத்தில்.

இரண்டு மாடி. அவள் கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது. நிறுத்தினால் அவன் அதனோடு அங்கேயே நிற்பான். இறக்கினால் அதுவும் இறங்கும். இறக்கினாள். வேறென்ன செய்வாள்.

அந்தத் தொய்வுகள் நகர்ந்தன. முன்னால் வந்தன. அவன் பூட்ஸ் இருந்த இடத்துக்கே வந்தன. பூட்ஸ் நகரவில்லை. மூச்சுச் சத்தம் ஒன்றாகி நின்றது. வாக்கி டாக்கி மூடிக்கொண்டது.

ஒரு மாடி.

பீப்.

தரை.

கூடை மெல்லத் தட்டி உட்கார்ந்தது. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்க முடியாமல் நின்றாள். பல்லி கம்பிக்கதவைத் தூக்கினான். வெளியே வந்தான். அதே முகம், அதே மீசை, கன்னத்தில் பசைக்கறை. அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன் இப்படி வேத்துப்போய் நிக்கிற?"

அவளுக்கு அழுகை பொங்கியது. உயிரோடு வந்துவிட்டான், அது போதும். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாகவே இருந்தது. அவன் அவள் தோளைத் தட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை அணைப்பதற்காகப் பேனல் பக்கம் திரும்பினாள்.

கூடை காலி. சைபர் காட்ட வேண்டும். அந்த அறுபது கூடையை விட்டுப் போயிருந்தால் சைபருக்கும் கீழே காட்ட வேண்டும்.

இருபது.

பச்சையாக, அசையாமல், இருபது. அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறுபது இறங்கிவிட்டது. கூடையில் பல்லி மட்டும்.

பின்னால் காலடிச் சத்தம் வாசலை நோக்கிப் போனது. அவளுடைய பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளும் சத்தம். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முதுகில் தோள்வாரின் இரும்பு வளையம் இருந்தது. அதிலிருந்து கூடை வரை ஓட வேண்டிய வார் இல்லை. இறங்கும்போது அவன் கொக்கியைக் கழற்றவில்லை. கழற்றாமலேயே இறங்கி வந்தான்.

"பாப்பா காத்துக்கிட்டிருப்பா" என்றான் வாசலிலிருந்து. அவன் குரல்தான். "வா. நீ வரலன்னா நான் மட்டும் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

வெளியே வெளிச்சத்துக்குள் நடந்தான். அவசரமில்லாமல். பஸ் நிற்கிற பக்கமாக.

இரும்பில் இரும்பு உரசியது. அவள் கூடையைப் பார்த்தாள்.

கொக்கி வளையத்தில் மாட்டியபடியே இருந்தது. அந்த வளையத்திலிருந்து வார் ஒரு ஆளின் முதுகு உயரத்துக்கு எழும்பி, திறந்த கம்பிக்கதவு வரை அந்தரத்தில் நீண்டு, அவளை நோக்கி விறைத்து நின்றது. அதன் மறுமுனையில் எதுவும் இல்லை. வார் தளர்ந்தது. மறுபடி, முழு பலத்தோடு, விறைத்தது.